வரகுக்கோழியைப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வரப்புக்குருவி

எல்லோருக்கும் வணக்கம். பறவை பார்க்கத் தொடங்கி இரண்டு வருடம்தான் ஆகிறது. தவறாக ஏதாவது எழுதினால் திருத்துங்கள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன், அரியலூர் பக்கம். நான் எடுத்த காடை, கவுதாரி படங்களைப் பாட்டியிடம் காட்டிக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "வரகுக்கோழி எங்கே?" என்று கேட்டார். அப்படி ஒரு பறவை இருப்பதே எனக்குத் தெரியாது. வரகு அறுக்கும் நாட்களில் கொல்லைக்குள் இருக்கும் என்றார். உடனே போனில் தேடினேன். கறுப்பு உடல், தலைக்குப் பின்னால் கொம்பு வளைந்ததுபோல் நீண்ட இறகுகள், புல்லுக்கு மேலே எம்பி எம்பிக் குதிக்கும் ஒரு பறவையின் வீடியோ வந்தது. பாட்டி தலையை ஆட்டிவிட்டார். "இது இல்லை. இப்படி ஒரு பறவையை நான் பார்த்ததே இல்லை."

அப்படியானால் பாட்டி பார்த்தது வேறு பறவையா? இல்லை, பெயர் மட்டும் ஒன்றா?

நீலவால்

கானமயிலாக இருக்கலாம். அதுவும் ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் இருந்ததுதானே?

ஆள்காட்டி

கானமயில் இல்லை, நண்பரே. கானமயில் ஆண் ஒரு மீட்டர் உயரம் நிற்கும், 15 கிலோ வரை எடை வரும். அதை யாரும் கோழி என்று சொல்லமாட்டார்கள். வரகுக்கோழி அரைக் கிலோ பறவை. இரண்டும் ஒரே குடும்பம்தான், ஆனால் அந்தக் குடும்பத்திலேயே மிகச் சிறியது வரகுக்கோழி.

கோழி என்பது பெயரில் மட்டும்தான். கோழிக்கும் கவுதாரிக்கும் பின்விரல் உண்டு. இதற்கு முன்பக்கம் மூன்று விரல்கள் மட்டுமே. கிளையைப் பற்றிக்கொள்ள முடியாது, அதனால் மரத்தில் உட்காராது. மேய்வது, தூங்குவது, முட்டையிடுவது எல்லாம் தரையில்தான். ஆபத்து வந்தால் பெரும்பாலும் பறப்பதுகூட இல்லை, புல்லோடு புல்லாகப் படுத்துவிடும். பத்தடி தூரத்தில் நின்றாலும் நம் கண்ணுக்குத் தட்டுப்படாது.

இப்போது பாட்டி விஷயம். அவர் சொன்னது சரியாக இருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. வீடியோவில் நீங்கள் பார்த்தது இனப்பெருக்கக் காலத்து ஆண். அந்தக் கறுப்பு, அந்தத் தலையிறகு, அந்தக் குதிப்பு எல்லாம் ஜூலை முதல் செப்டம்பர் வரைக்கும்தான். அதுவும் ராஜஸ்தான், குஜராத், மத்தியப் பிரதேசத்தின் மேற்குப் பகுதி, கொஞ்சம் மகாராஷ்டிரம், அவ்வளவுதான். மழை முடிந்ததும் ஆண் அந்த இறகுகளை உதிர்த்துவிட்டு, பெண்ணைப் போலவே பழுப்பும் கருங்கோடுகளுமாக மாறிவிடுகிறது. பிறகு சத்தமே இல்லாமல் தக்காணத்துப் பக்கமும் அதற்குத் தெற்கேயும் கலைந்து போகிறது. வரகு அறுப்பு மார்கழி, தை. அந்த மாதங்களில் இங்கே வரும் பறவை குதிக்காது, கத்தாது, கறுப்பாகவும் இருக்காது. அதனால்தான் வீடியோவைப் பார்த்து இது இல்லை என்றிருக்கிறார்.

பெயரும் பழையதுதான். டி.சி. ஜெர்டன் 1860களில் இந்தியப் பறவைகளைப் பற்றி எழுதியபோது தமிழ்ப் பெயராக வரகுக்கோழியைப் பதிந்திருக்கிறார். தெலுங்கில் தரைமயில் என்று பொருள்படும் ஒரு பெயர். குஜராத்தில் கட்மோர், அதாவது புல்மயில். அங்கே ஆடுவதைப் பார்த்தார்கள், மயில் என்றார்கள். இங்கே வரகுக்குள் ஒளிந்து நின்றதைப் பார்த்தார்கள், கோழி என்றார்கள். எந்த ஊரில் பறவையின் எந்தக் காலத்தைப் பார்த்தார்கள் என்பது பெயரிலேயே இருக்கிறது. எனக்கு இந்தப் பறவை மேல் பிரியம் வந்ததே இதனால்தான்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். கண்கிலேடி என்று ஒரு பறவை இருக்கிறது. அதுவும் பழுப்பு நிறம், நீளமான கால், தரையிலேயே இருக்கும், பறந்தால் சிறகில் வெள்ளை தெரியும். பாட்டி அதைப் பார்த்திருக்கவும் கூடும். அடுத்த முறை போகும்போது படம் எதையும் காட்டாமல் கேளுங்கள். உயரம் என்ன, கழுத்து எப்படி, தனியாக வந்ததா, எப்படிப் பறந்தது, எந்த மாதம். படத்தைக் காட்டிவிட்டால் பிறகு ஞாபகத்தோடு படமும் கலந்துவிடும்.

கூழைக்கடா

நான் ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன். ரத்லம் மாவட்டம் சைலானாவில், ஆகஸ்ட் மாதம். 1983இல் இந்தப் பறவைக்கென்றே சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம். அந்தக் காலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத ஆசை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரவு முழுவதும் தூறல். விடிந்தும் மேகம் விலகவில்லை. புல் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே, முழுக்க ஈரம். நாங்கள் பாதையை விட்டு இறங்கவில்லை, வனக்காவலர் இறங்க விடவும் இல்லை. ஒரு மணி நேரம் எதுவும் இல்லை. முதலில் வந்தது சத்தம்தான். தவளை ஒரு தடவை கத்திவிட்டு நிறுத்தியதுபோல் ஒரு கரகரப்பு. மழைக்காலம்தானே, தவளைதான் என்று நினைத்துக்கொண்டேன். காவலர் கையைத் தொட்டுக் காட்டினார். அடுத்த முறை அதே சத்தத்தோடு புல்லுக்கு மேலே ஒரு கறுப்பு உருவம் எழும்பியது. கழுத்தைப் பின்னால் வளைத்து, கால்களை மடக்கி, வெள்ளைச் சிறகுகள் படபடக்க, உச்சியில் ஒரு கணம் நின்றதுபோல் இருந்தது. பிறகு கல் விழுவதுபோல் நேராகக் கீழே. புல் மூடிக்கொண்டது. எல்லாம் சேர்த்து இரண்டு விநாடிகூட இருக்காது.

அப்புறம் அது மறுபடி, மறுபடி. ஒரு ஆண் ஒரே நாளில் 500 முறைக்கு மேல் குதிக்கக்கூடும் என்று படித்திருந்தேன். அதை நம்புவதற்கு அந்தக் காலை போதுமானதாக இருந்தது. அந்தக் கரகரப்பு தொண்டையிலிருந்து வருவதில்லை, சிறகிலிருந்து வருகிறது. ஆணின் வெளிச்சிறகு இறகுகள் நுனியில் குறுகி, வெட்டுப்பட்டதுபோல் இருக்கும். வேகமாக அடிக்கும்போது காற்று அதில் உரசிச் சத்தமாகிறது. சில நூறு மீட்டர் தள்ளியும் கேட்கும்.

ஏன் குதிக்க வேண்டும்? பறவையைவிடப் புல் உயரம். கீழே நின்று என்ன ஆட்டம் ஆடினாலும் பெண்ணுக்குத் தெரியாது. ஒன்றரை, இரண்டு மீட்டர் எம்பினால்தான் அது இருக்கும் இடம் தெரியும். அதனால்தான் ஆண் பெண்ணைவிடச் சிறியது. கானமயிலில் ஆண் மிகப் பெரியது, இங்கே தலைகீழ். இந்தக் குடும்பத்தில் எந்த இனங்களில் ஆண் குதித்தும் பறந்தும் காட்டுகிறதோ அவற்றில் ஆணின் உடல் இலேசாக இருக்கும் போக்கு இருக்கிறது. கனமான உடலோடு ஒரு நாளைக்கு ஐந்நூறு முறை எம்ப முடியாது, இல்லையா?

ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்க்கும் தூரத்தில், ஆனால் தனித்தனித் திட்டுகளில் நின்று குதிக்கிறார்கள். பெண் வந்து பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கூடிவிட்டுப் போய்விடும். அதற்குப் பிறகு ஆணுக்குக் கூட்டில் எந்த வேலையும் இல்லை. வெறும் தரையில் மூன்று முதல் ஐந்து முட்டை. சுமார் 21 நாள் அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் பெண் மட்டுமே. அன்று நாங்கள் இரண்டு ஆண்களைப் பார்த்தோம். ஒரு பெண்ணைக்கூடப் பார்க்கவில்லை.

நீலவால்

படிக்கும்போதே சிலிர்க்கிறது, அண்ணா. ஒரு சந்தேகம். பெண் கண்ணுக்கே படாது என்றால் எத்தனை பறவை இருக்கிறது என்று எப்படிச் சொல்கிறார்கள்?

ஆள்காட்டி

குதிக்கும் ஆண்களை எண்ணுகிறார்கள். ஓர் ஆணுக்கு ஒரு பெண் என்று வைத்து மொத்தத்தை மதிப்பிடுகிறார்கள். வேறு வழி இல்லை.

இதில் மிகப் பெரிய உழைப்பு ரவி சங்கரனுடையது. பிறகு கோவை ஆனைகட்டியில் இருக்கும் சலீம் அலி பறவையியல் மையத்தின் இயக்குநராக இருந்து 2009இல் மறைந்தவர். 1980களில் இந்தப் புல்வெளிகளில் பல மழைக்காலங்களைக் கழித்தவர். அப்போதைய மதிப்பீடுகளைப் பாருங்கள்: 1982இல் 4,374 பறவைகள், 1989இல் 1,672, 1994இல் 2,206. இடையில் 1985 முதல் 87 வரை மேற்கு இந்தியாவில் கடும் வறட்சி. மழை பொய்த்தால் புல் எழாது, ஆண்கள் குதிக்கமாட்டா, பெண்கள் முட்டையிடமாட்டா. அடுத்தடுத்து இரண்டு மூன்று வருடம் அப்படிப் போனால் எண்ணிக்கை சரிந்துவிடும். நல்ல மழை வந்தால் ஓரளவு மீளும். 94இல் நடந்தது அதுதான்.

ஆனால் பிறகு வந்த சரிவுக்கு மழையைக் குறை சொல்ல முடியாது. நல்ல மழை பெய்த வருடங்களிலும் பறவை திரும்பவில்லை. இப்போது பேசுவது சில நூறு பறவைகளைப் பற்றி. 2021இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை மிக அருகிவிட்ட இனமாக அறிவித்தது. அதற்கு அடுத்த படியே காட்டில் அழிந்துவிட்டது என்பதுதான்.

மானாவாரி

இந்த இழையைப் படித்துக்கொண்டே வருகிறேன். நான் விவசாயி, அதனால் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும்.

சரணாலயம், சரணாலயம் என்கிறீர்கள். இன்றைக்கு ராஜஸ்தானில் இந்தப் பறவை நல்ல எண்ணிக்கையில் இருக்கும் இடங்களில் ஒன்று அஜ்மீர் மாவட்டத்து ஷோக்லியா வட்டாரம். அது சரணாலயம் இல்லை, விவசாயிகள் உழும் நிலம். பாசிப்பயறு, உளுந்து, சோளம் என்று மானாவாரிப் பயிர்களுக்கு நடுவில்தான் ஆண்கள் குதிக்கின்றன. மத்தியப் பிரதேசம் தார் மாவட்டத்தில் சர்தார்பூர் சரணாலயத்தை அறிவித்தபோது பல ஊர்களின் சொந்த நிலம் உள்ளே போய்விட்டது. நிலத்தை விற்க முடியவில்லை, வாங்க முடியவில்லை. பல வருடம் அந்தச் சனங்கள் பட்ட பாட்டில், பறவை பெயரைச் சொன்னாலே கோபம் வரும் நிலை. ஒரு பறவை தன் வயலில் இறங்கினால் தன் நிலம் போய்விடும் என்று விவசாயி பயந்தால், அவர் அந்தப் பறவையை விரும்புவாரா? நீங்களே சொல்லுங்கள்.

கூழைக்கடா

உங்கள் வருத்தம் நியாயமானது. நிலத்தை முடக்குவது பறவைக்கும் நல்லதில்லை என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வயலே போதும் என்பதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. குதிப்பதற்கு வயல் போதும். கூடு கட்டுவதற்குப் போதுமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆகஸ்டில் முட்டை வைத்தால் மூன்று வாரம் அடை. செப்டம்பரில் குஞ்சுகள் தரையில் ஓடும், பறக்கத் தெரியாது. பாசிப்பயறு அப்போது அறுவடைக்கு வந்துவிடும். சோயா பரவிய இடங்களில் மழைக்காலம் முழுக்கக் களைக்கொல்லி, பூச்சிக்கொல்லி. இந்தப் பறவை தின்பது என்ன? வெட்டுக்கிளி, வண்டு, கம்பளிப்புழு. குஞ்சுக்கு அதுதான் உயிர். தெளித்த வயலில் அவை எங்கே கிடைக்கும்? அப்புறம் ஊர் நாய்கள். அந்தப் பக்கத்து வயல்களில் நாய்க்கூட்டங்களைப் பார்த்துவிட்டு வந்த பிறகு, அங்கே குஞ்சு பிழைப்பதே பெரிய விஷயம் என்று தோன்றியது.

மானாவாரி

அதை மறுக்கவில்லை. நான் கேட்பது, பழைய முறையில் ஏதாவது உண்டா என்பது.

குஜராத்தில் விடி என்று ஒரு ஏற்பாடு உண்டு. மாட்டுக்குத் தீவனப் புல் வளர்ப்பதற்காகவே மன்னர் காலத்திலிருந்து காத்துவந்த புல்வெளிகள். மழைக்காலத்தில் மாடு உள்ளே விடமாட்டார்கள். மழை முடிந்து புல் முற்றிய பிறகுதான் அறுப்பார்கள். பறவைக்காகச் செய்ததில்லை, தீவனத்துக்காகச் செய்தது. ஆனால் அந்தக் காலக்கணக்கு வரகுக்கோழிக்கு அச்சாகப் பொருந்திவிட்டது. அறுப்பதற்குள் குஞ்சுகள் பறந்துவிடும். அறுப்பதால் புல் அளவுக்கு மீறி உயர்ந்து புதராகவும் போவதில்லை. அந்த விடிகளை உடைத்து உழுதார்கள், சிலவற்றில் மரம் நட்டார்கள். என் கருத்தில், சட்டத்தைவிட அறுக்கும் தேதிதான் முக்கியம். ஒரு ஊரில் நான்கு ஏக்கர் புல்லைப் புரட்டாசி முடியும்வரை விட்டுவைக்க அந்த விவசாயிக்குத் தீவன விலையைக் கொடுத்துவிட்டால் போதும்.

கூழைக்கடா

அறுக்கும் தேதி பற்றிச் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். மத்தியப் பிரதேசத்தில் பறவை தன் நிலத்தில் இருப்பதாகத் தெரிவித்துக் காக்கும் விவசாயிகளுக்குப் பரிசுத்தொகை கொடுத்துப் பார்த்தார்கள். அந்தத் திசையில் இன்னும் பெரிதாகச் செய்ய வேண்டும். பாவ்நகர் பக்கம் வேளாவதர் தேசியப் பூங்காவும் முக்கியம். 34 சதுர கிலோமீட்டர்தான், வெளிமானுக்காகக் காத்த புல்வெளி, அதில் வரகுக்கோழியும் பிழைத்தது. எனக்கு இரண்டும் வேண்டும். பூங்கா வேலிக்கு வெளியே புல் இல்லை என்றால் உள்ளே இருக்கும் பறவை எங்கே பரவும்?

வெண்கழுத்து

செப்டம்பரில் அந்தப் பக்கம் போகிறேன். குதிக்கும் ஆணை நெருக்கமாக எடுக்க வேண்டும். சரியான இடத்தை, முடிந்தால் ஜிபிஎஸ் புள்ளியோடு, தனிச் செய்தியில் அனுப்புவீர்களா?

கூழைக்கடா

மன்னித்துக்கொள்ளுங்கள், அனுப்பமாட்டேன். உங்கள் மீது சந்தேகம் இல்லை. ஓர் ஆண் தன் திட்டை எளிதில் மாற்றாது, வருடா வருடம் அதே பகுதிக்கு வரும். ஒரு புள்ளி வெளியே போனால் அந்த மழைக்காலம் முழுக்க அங்கே வண்டிகள் நிற்கும். ஆண் குதிப்பதை நிறுத்திவிடும். அதைவிட மோசம், நாம் படம் எடுக்க மிதிக்கும் புல்லில்தான் பெண் எங்கோ அடைகாத்துப் படுத்திருக்கும். அதை நாம் பார்க்கவே மாட்டோம். ஆங்கிலேயர் காலத்தில் வேட்டைக்காரர்களுக்கு இது எளிய இரையாக இருந்ததற்கும் காரணம் இந்தக் குதிப்புதான். இருக்கும் இடத்தைத் தானே காட்டிக்கொடுக்கும். வனத்துறை அனுமதியோடு பாதையிலிருந்து பாருங்கள். படம் சின்னதாக வரும், பரவாயில்லை.

வெண்கழுத்து

பெண் படுத்திருக்கும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. சரி, பைனாகுலரோடு போகிறேன். நன்றி.

ஆள்காட்டி

நல்ல முடிவு.

பேச்சு முழுக்க மழைக்கால மூன்று மாதத்தையே சுற்றுகிறது, கவனித்தீர்களா? ஆராய்ச்சியும் அப்படித்தான், பாதுகாப்பும் அப்படித்தான். பறவை கண்ணில் படும் காலத்தில் மட்டும் காக்கிறோம். மீதி மாதங்கள் அது தெற்கே புல்லிலும் கொல்லையிலும் ஒளிந்து வாழ்கிறதே, அந்த வாழ்க்கை? செயற்கைக்கோள் கருவி பொருத்தத் தொடங்கிய பிறகுதான் அது மெல்லத் திறக்கிறது.

வழியில் மின்கம்பிகள் வேறு. இந்தக் குடும்பத்துப் பறவைகளின் கண்கள் தலையின் பக்கவாட்டில் இருக்கின்றன. கானமயிலின் உறவான ஆப்பிரிக்கக் கோரி பறவையை வைத்துச் செய்த ஆய்வில், பறக்கும்போது தலையைக் கொஞ்சம் தாழ்த்திக் கீழே பார்த்தாலே நேர் எதிரே இருப்பது தெரியாமல் போகிறது என்று கண்டார்கள். கம்பியைப் பார்க்காமல் மோதுவது அதனால்தான். வனவிலங்குப் பாதுகாப்பில் நீண்ட காலம் உழைத்த ரஞ்சித்சிங் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரல் 19 அன்று கம்பிகளைப் பூமிக்கு அடியில் கொண்டுபோகச் சொன்னது. அந்த வழக்கு கானமயிலுக்கும் வரகுக்கோழிக்கும் சேர்த்துத்தான். 2024 மார்ச்சில் அந்த உத்தரவைத் தளர்த்தி நிபுணர் குழுவிடம் விட்டது. நாளிதழ்களில் கானமயில் பெயர் மட்டும்தான் வந்தது.

நம் பக்கத்தில் நடந்தது வேறு மாதிரி. மேய்ச்சல் புறம்போக்கு எல்லாம் கணக்கில் தரிசு. தரிசு என்று எழுதிவிட்டால் மரம் நடலாம், ஆலை கட்டலாம், பட்டா போடலாம். மிச்சம் இருந்ததைச் சீமைக்கருவேலம் மூடியது. வரகும் சாமையும் போட்டவர்கள் வேறு பயிருக்கு மாறினார்கள். புல்லை நம்பி வந்த பறவைக்கு நாம் என்ன வைத்திருக்கிறோம் என்று நினைத்தால் எனக்கு மனது கனத்துவிடுகிறது. பாட்டியிடம் கேட்டீர்களா, தங்கை?

வரப்புக்குருவி

கேட்டேன் ஐயா. அதற்காகவே ஊருக்கு ஒரு நடை போய்வந்தேன். படம் எதுவும் காட்டவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

கோழி அளவுதான், ஆனால் கழுத்தும் காலும் நீளம். காடை மாதிரி கூட்டமாக வராது, தனியாகத்தான். வரகு அறுத்துக்கொண்டே போனால் அது உள்ளுக்குள் நகர்ந்துகொண்டே போகும். கடைசிப் பாத்தி மிஞ்சும்வரை வெளியே வராது. காலில் மிதிபடப் போகிறது என்னும்போதுதான் கிளம்பும். சிறகில் சுண்ணாம்பு தொட்டு வைத்ததுபோல் வெள்ளை. எல்லாவற்றுக்கும் இல்லை, சிலதுக்கு மட்டும் நன்றாகத் தெரியும். சத்தம் போட்டு அவர் கேட்டதே இல்லை. கண்கிலேடியா என்று கேட்டதும் சிரித்துவிட்டார். "அது ராத்திரியில் கத்தும், முழி பெரிசு. அது எனக்குத் தெரியாதா?" என்றார்.

கடைசியாக எப்போது பார்த்தார் என்று கேட்டேன். சித்தி கைக்குழந்தையாக இருந்த தை மாதம். சித்திக்கு இப்போது 52 வயது. அதற்குப் பிறகு இரண்டு வருடத்தில் அந்தக் கொல்லையில் வரகு போடுவதை நிறுத்திவிட்டார்கள்.

ஆள்காட்டி

சிலதுக்கு மட்டும் வெள்ளை என்றாரே, அது போதும் எனக்கு. குளிர்காலத்தில் ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி இருந்தாலும் ஆணின் சிறகில் அந்த வெள்ளை கொஞ்சம் மிஞ்சியிருக்கும். கண்கிலேடியில் ஆண், பெண் எல்லாவற்றுக்கும் ஒரே வெள்ளைதான். படம் பார்க்காமல் இதைச் சொல்லியிருக்கிறார். அவர் பேச்சை அவர் குரலிலேயே பதிவு செய்து வையுங்கள்.

வரப்புக்குருவி

செய்துவிட்டேன். எங்கள் ஏரிக்குப் பின்னால் கொஞ்சம் மேய்ச்சல் நிலம் இன்னும் இருக்கிறது. பக்கத்து ஊரில் இரண்டு பேர் மறுபடி வரகு போடத் தொடங்கியிருக்கிறார்கள். வரும் தை மாதம் நடந்து பார்க்கலாம் என்றிருக்கிறேன். எந்த நேரம் போகலாம்?

ஆள்காட்டி

விடிந்ததும் போங்கள். வெயில் ஏறினால் நிழலில் படுத்துவிடும். கொல்லைக்குள் இறங்காமல் வரப்போடு நடங்கள், நாயைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். பனியில் நனைந்த மண்ணில் கால்தடம் தெரிகிறதா என்று பாருங்கள். பின்விரல் அழுத்தமாகப் பதிந்திருந்தால் அது கவுதாரி. முன்னால் மூன்று விரல் மட்டும் என்றால் கண்கிலேடியாகவும் இருக்கலாம், அதனால் பக்கத்தில் ஒரு நாணயம் வைத்துப் படம் எடுத்து இங்கே போடுங்கள். நானும் வருகிறேன், தேதி மட்டும் சொல்லுங்கள்.